பழைய காரின் பிரேக் லைட்: பின்னால் வருபவருக்கும் அதில் உரிமை உண்டு

சென்னையில் பிறந்த கார் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளத் தகுந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டை ஒட்டி, 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. அடுத்த ஆண்டே பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. காரும் அதை நிறுத்தும் பிரேக்கும் இந்த ஊரிலேயே உருவாகிய காலம் அது.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் தாத்தா வாங்கிய ஹெரால்டையோ, அப்பா ஓட்டிய அம்பாசடரையோ, பியட் என்றே இன்னும் அழைக்கப்படும் பத்மினியையோ விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஞாயிறு காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று, ஆண்டுக்கு ஒருமுறை மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்றவர்கள் நடத்தும் பழைய கார் கண்காட்சி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஜானவாசம் என்று இந்தக் கார்கள் வெளியே வருகின்றன. மற்ற நாட்களில் போர்ட்டிகோவில் துணி போர்த்தி நிற்கின்றன. பிரச்சினை தொடங்குவது இந்த நிற்கும் நாட்களில்தான்.

வண்டியை வெளியே எடுத்ததும் முதலில் கேட்கும் புகார், "பிரேக் லைட் எரியலை" என்பது. பல்பை மாற்றுகிறோம். எரிந்தால் நிம்மதி; எரியாவிட்டால் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். இப்படி விடுவது ஏன் ஆபத்து என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பிரேக் லைட்டை எரிய வைப்பதே பிரேக் ஆயிலின் அழுத்தம். லைட் எரியவில்லை என்றால் ஆயில், ரப்பர், குழாய் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

விளக்கை எரிய வைப்பது எது?

இன்றைய கார்களில் பிரேக் பெடலின் தண்டுக்குப் பக்கத்தில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். பெடல் கொஞ்சம் நகர்ந்தாலே விளக்கு எரியும். ஹெரால்டு, அம்பாசடர் காலத்துக் கார்கள் பலவற்றில் அப்படி இல்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் பிரேக் குழாயின் இணைப்பிலேயே ஒரு சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். பெடலை மிதித்ததும் ஆயிலில் அழுத்தம் ஏறி, சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தள்ளும். அப்போதுதான் மின்தொடுப்பு சேரும். உங்கள் காரில் எந்த வகை என்று அறிய, பானெட்டைத் திறந்து பிரேக் குழாயோடு போய்ப் பாருங்கள். குழாய் இணைப்பில் இரண்டு வயர்கள் சேர்ந்திருந்தால் அது அழுத்த சுவிட்ச்.

குழாயில் காற்று புகுந்திருந்தாலோ, எங்காவது ஆயில் கசிந்தாலோ அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். விளக்கும் தாமதமாகத்தான் எரியும். சுவிட்சே தேய்ந்துபோனாலும் அதே நிலைதான். 21 வாட் பல்புகள் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் சுமார் மூன்றரை ஆம்பியர் மின்சாரம் அந்தச் சிறிய தொடுப்பு வழியாக ஒவ்வொரு முறையும் பாய்கிறது. நாளடைவில் தொடுப்பு கருகிவிடும். லேசாக மிதித்தால் எரியாது, ஓங்கி மிதித்தால் மட்டும் எரியும் என்ற கட்டம் அதற்கு அறிகுறி.

இந்தத் தாமதத்தின் விலை என்ன? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. உங்கள் விளக்கு ஒரு நொடி தாமதித்தால் பின்னால் வரும் ஸ்கூட்டர் வேகம் குறைக்காமலே 11 மீட்டர் வந்துவிட்டது. உஸ்மான் சாலையிலும் லஸ் கார்னரிலும் மத்திய கைலாஷ் சந்திப்பிலும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே அத்தனை இடைவெளி இருப்பதே அரிது. அந்த ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் குழந்தைக்கு, நீங்கள் நிற்கப்போகிறீர்கள் என்று தெரிவிக்க உங்கள் காரில் இருப்பது அந்த இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும்தான்.

இரண்டு கடைக்கும் நடுவில் விழும் வேலை

நம் ஊரில் கார் மெக்கானிக் ஒருவர், ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இன்னொருவர். விளக்கு எரியவில்லை என்றால் நாம் போவது எலெக்ட்ரீஷியனிடம். அவர் சுவிட்சைக் கழற்றிப் புதியதைப் போடுகிறார், விளக்கு எரிகிறது. ஆனால் அழுத்த சுவிட்சைக் கழற்றுவது என்பது பிரேக் குழாயைத் திறப்பது. திறந்த இடத்தில் ஆயில் வெளியேறும், காற்று உள்ளே போகும். பிறகு பிளீடிங் செய்து, அதாவது சக்கரங்கள் வழியாக ஏர் எடுத்து, பெடலைச் சோதித்தாக வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை என்று எலெக்ட்ரீஷியன் விட்டுவிடுகிறார். லைட் வேலை முடிந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் யாரும் போவதில்லை. விளக்கைச் சரிசெய்யப் போய் பிரேக்கைப் பலவீனமாக்கிக்கொண்டு வீடு திரும்பும் ஆபத்து இப்படித்தான் உருவாகிறது.

ஆகவே சுவிட்ச் மாற்ற வேண்டும் என்றால் முதலிலேயே கேளுங்கள்: "மாத்தின பிறகு ஏர் எடுத்துத் தருவீங்களா, அண்ணா?" ஆம் என்பவரிடம் வேலையைக் கொடுங்கள். மாற்றி முடித்த பிறகு பெடல் முன்பிருந்த உயரத்தில், முன்பிருந்த உறுதியோடு இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்க்காமல் சாலைக்கு வராதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

மாலை மங்கலில் காரின் பின்புறம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். இக்னிஷன் சாவியைப் போடுங்கள். பல கார்களில் சாவி போட்டால்தான் பிரேக் லைட்டுக்கு மின்சாரம் வரும். மெதுவாக மிதியுங்கள். சுவரில் விழும் சிவப்பு வெளிச்சமே பெரும்பாலானதைச் சொல்லிவிடும்.

*ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை:* பல்ப், அதன் ஹோல்டர், எர்த் மூன்றில் ஒன்று. பல பழைய கார்களில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்பில் இரண்டு இழைகளாக இருக்கும். அதன் இரண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது, தலைகீழாகப் போடக்கூடாது என்பதற்காக. தேய்ந்த ஹோல்டரில் அதையும் அழுத்தித் திணித்துவிடுபவர்கள் உண்டு. பல்ப் சரியான வகைதானா என்று பாருங்கள். கடற்காற்று வீசும் சாந்தோம், பெசன்ட் நகர்ப் பகுதிகளில் ஹோல்டருக்குள் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலே பல விளக்குகள் உயிர்பெறும்.

*பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது:* எர்த் சரியில்லை. மின்சாரம் திரும்ப வழியின்றி அடுத்த பல்பு வழியாக ஓடுகிறது. விளக்குக் கூட்டிலிருந்து காரின் இரும்புப் பகுதிக்குப் புதிதாக ஒரு எர்த் வயர் கொடுத்தால் தீரும்.

*இரண்டும் எரியவில்லை:* முதலில் ஃபியூஸ். அதே ஃபியூஸில் இருக்கும் வைப்பர், இண்டிகேட்டர் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஃபியூஸ் சரி என்றால், சுவிட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒரு சின்ன வயர் துண்டால் சேர்த்துப் பாருங்கள். இப்போது விளக்கு எரிந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது. சுவிட்ச் கெட்டிருக்கிறது, அல்லது சுவிட்சுக்கு அழுத்தமே வரவில்லை. இரண்டாவதாகச் சொன்னது மிக அபாயகரமானது என்பதால் பெடலைச் சோதித்த பிறகே சுவிட்சின்மேல் பழியைப் போடுங்கள். லூகாஸ் முறைப்படி வயரிங் செய்த கார்களில் சுவிட்சுக்கு வருவது பச்சை வயர், விளக்குக்குப் போவது பச்சையில் ஊதாக் கோடு போட்ட வயர். அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்து உறுதிசெய்யுங்கள்.

*காலை எடுத்த பிறகும் விளக்கு அணையவில்லை:* பலர் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. சுவிட்சின் தொடுப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். குழாயில் அழுத்தம் இறங்காமல் நின்று, பிரேக் பிடித்தபடியே கார் ஓடிக்கொண்டும் இருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளை அடைத்திருந்தாலும், பெடலுக்குத் தேவையான சிறு தளர்வு இல்லாவிட்டாலும், உள்பக்கம் உப்பிப்போன ரப்பர் ஹோஸ் ஆயிலைத் திரும்ப விடாவிட்டாலும் இப்படி ஆகும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் மேற்கொண்டு ஓட்டக்கூடாது.

சுவிட்ச் அடிக்கடி கருகுகிறது என்றால் ஒரு ரிலே வைத்து வயரிங் செய்யச் சொல்லுங்கள். விளக்கின் மின்சாரத்தை ரிலே சுமக்கும், சுவிட்ச் நீடிக்கும். எல்இடி பல்ப் போடுவதும் உதவும். இழை பல்ப் முழு ஒளிக்கு வர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் எடுக்கும்; எல்இடி உடனே எரியும். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடிதான் பொருந்தும். பாசிட்டிவ் எர்த் உள்ள மிகப் பழைய கார்களில் எல்லா எல்இடியும் எரியாது என்பதைக் கடையிலேயே சொல்லி வாங்குங்கள்.

பழைய ஆயில் என்ன செய்யும்?

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் இயல்பு. டாட் 3 தரத்தின் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, சுமார் 3.7 சதவீத நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இந்த அளவுகள் 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். மிதித்த பெடல் தரைவரை போகும். ஏற்காடு, கோத்தகிரி போன்ற மலைப்பாதைகளில் இறங்கும்போது இந்த ஆபத்து நிஜம்.

ஆனால் சென்னைக்குள்ளேயே ஓடும் காருக்கு ஆயில் கொதிப்பதைவிடப் பெரிய பகை துரு. உறிஞ்சிய நீர் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டர்களையும் உள்ளிருந்தே அரிக்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் காரில் ரப்பர் கப்புகள் ஒரே இடத்தில் ஒட்டி நிற்க, அவை தொடாத பகுதியில் துருக்குழிகள் விழுகின்றன. கார் ஓடாததால் பிரேக் தேயவில்லை என்று நாம் நினைக்கும் காலத்தில்தான் இந்தச் சேதம் நடக்கிறது.

இதிலிருந்து இன்னொரு உண்மையும் புரியும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால், ரப்பர் கப் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் போய்க் கிழிந்துவிடலாம். "ஆயில் மாத்தக் கொடுத்தேன், மறுநாளே லீக் ஆகுது" என்ற சண்டை பல கடைகளில் நடப்பதன் காரணம் இதுதான். கிழித்தது மெக்கானிக்கின் கால் என்றாலும் கிழிய வைத்தது பல ஆண்டுத் துரு. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, பாதி தூரம் மட்டும் மிதித்து ஏர் எடுப்பதே பழைய காருக்குப் பாதுகாப்பு.

பெடலைக் காலால் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெடல் ஆழமாகப் போய், இரண்டாம் முறை மிதித்தால் மேலே வந்து உறுதியாக நின்றால், பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று. காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. மூன்றாவது நிலையில் உள்ள காரை ஒரு தெரு தாண்டிக்கூட ஓட்டாதீர்கள்.

ஏன் இத்தனை கண்டிப்பு? அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஹைட்ராலிக் வழிதான். எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கர பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். ஒரு வழி போனாலும் மறுவழி காப்பாற்றும் இரட்டை அமைப்பு அமெரிக்காவில் 1960களின் இறுதியில் கட்டாயமானது. பிறகு மெல்ல உலகமெங்கும் வந்தது. உங்கள் காரில் அது இல்லை என்றால், கம்பியால் இயங்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் மிச்சமிருக்கும் காவல். அதைச் சரிசெய்து வைத்திருப்பது அவசியம்.

எதை ஊற்றுவது, எப்போது மாற்றுவது

ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். கடலோரத்தில் நிற்கும், அரிதாக வெளியே வரும் காருக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் தவறில்லை. புது ஆயில் வெளிறிய மஞ்சளாக இருக்கும். டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் அதில் துருவும் ரப்பர்த் தூளும் கலந்திருக்கிறது. தொட்டியில் உள்ளதை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவது மாற்றியதாக ஆகாது. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, நான்கு சக்கரங்களிலும் தெளிந்த ஆயில் வரும்வரை எடுக்க வேண்டும்.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 என்பது சிலிக்கோன். அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் 5ஐயும் 5.1ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எஞ்சின் ஆயிலோ வேறு மினரல் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் பிரேக்கின் ரப்பர் அத்தனையும் உப்பிக் கெட்டுவிடும்; பிறகு ஹோஸ் முதல் கப்வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ வாங்கும்போது மூடியின் சீல், தயாரிப்பு மாதம், பேட்ச் எண், ஐ.எஸ். 8654 என்ற இந்தியத் தர எண் ஆகியவற்றைப் பாருங்கள். பாதி திறந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை வாங்காதீர்கள்; அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். ரப்பர் கிட்டும் ஹோஸும் பழைய வண்டியிலிருந்து கழற்றியவையாக இருக்கவே கூடாது. கதவுக் கைப்பிடியும் கிரில்லும் பழையது கிடைத்தால் மகிழலாம். பிரேக் ரப்பர் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

பிரேக் ஆயில் விஷம். குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாட்டிலில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைக்கலாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நாள் முழுக்க அதைச் சுவாசிப்பது பட்டறைப் பையன்கள்.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கி நின்றன. பழைய காரின் ஆயில் தொட்டி மூடியில் காற்றுத் துளை இருக்கும். அதுவரை தண்ணீர் ஏறியிருந்தால் ஆயில் மொத்தமும் வீண். சக்கர அளவுக்குத்தான் ஏறியது என்றாலும் டிரம்மைக் கழற்றிச் சேறு நீக்கி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் நீர் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்விளக்குக் கூட்டுக்குள் தேங்கிய நீரை வடித்து, ஹோல்டரை உலர்த்த வேண்டும். தேங்கிய நீரைக் கடந்து வந்தால் பின்னால் யாரும் இல்லாத இடத்தில் லேசாகப் பலமுறை மிதித்து டிரம்மை உலரவிடுங்கள்.

சட்டம் உங்களிடம் கேட்பது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 96ஆவது விதி பிரேக்கையும், 102ஆவது விதி பிரேக் லைட், இண்டிகேட்டர் ஆகியவற்றையும் பற்றியவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. குறை உள்ளது என்று தெரிந்தோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ ஆபத்தான வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 1,500 ரூபாய் அபராதம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எரியாத பிரேக் லைட் சாதாரணக் கவனத்துக்கே தெரிவது. "எனக்குத் தெரியாது" என்பது அங்கே செல்லாது. ஓட்ட அனுமதித்த உரிமையாளரும் பொறுப்பாளிதான்.

பின்னால் வந்து இடித்தவர்மீதுதான் முழுத் தவறு என்று பலர் நம்புகிறார்கள். பிரேக் லைட் எரியாத வண்டி என்று நிரூபணமானால் உங்கள் பங்கு அலட்சியத்தையும் தீர்ப்பாயம் கணக்கில் எடுக்கும். உங்களுக்கு வரவேண்டிய இழப்பீடு குறையலாம். எந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஓடும் ஜீப்பின் டயர் வெடித்துப் பாதசாரி இறந்த வழக்கில், ஓட்டுநரின் அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது.

இன்சூரன்ஸ் பாலிசியில், வண்டியை நல்ல நிலையில் பராமரிப்பது உரிமையாளரின் கடமை என்ற நிபந்தனை உண்டு. ஆகவே ஆயில் மாற்றிய பில், சுவிட்ச் வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவுசெய்த காரை ஜானவாசத்துக்கு வாடகைக்கு விட்டால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். ஜானவாச ஊர்வலத்தில் வண்டிக்கு முன்னும் பின்னும் மக்கள், அதிலும் குழந்தைகள், நடந்து வருவார்கள். பிரேக்கும் விளக்கும் சோதிக்காத காரை அங்கே விடவே கூடாது.

பதினைந்து ஆண்டு தாண்டிய கார் என்றால் உடனே கழித்துவிட வேண்டும் என்ற பயம் வேண்டாம். டெல்லிப் பகுதிக்கு வந்த வயதுத் தடை இங்கே இல்லை. மந்தைவெளி, திருவான்மியூர், கே.கே.நகர் என்று உங்கள் பகுதிக்குரிய ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஐம்பது ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு 2021 ஜூலையில் தனி விதிகள் வந்தன. "விஏ" என்ற எழுத்துகள் கொண்ட எண், 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி. அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். அன்றாடப் பயணமும் வாடகையும் கூடாது. எந்தப் பதிவாக இருந்தாலும் சாலையில் இருக்கும்வரை பிரேக்கும் விளக்கும் வேலை செய்தாக வேண்டும்.

பட்டறையில் உங்கள் உரிமை

வேலை கொடுக்கும்போதே செய்யவேண்டியதை எழுதி வாங்குங்கள்: எந்தத் தர ஆயில், எந்த ரப்பர் கிட், நான்கு சக்கரத்துக்கும் ஏர் எடுப்பது, லைட் சோதனை. கழற்றிய பழைய சுவிட்சும் ரப்பரும் உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கிட் கிடைக்கவில்லை, பழையதையே போட்டிருக்கிறேன் என்றால் அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

செய்த வேலை குறைபாடாக இருந்தாலோ, போலி ஆயிலையோ போலி ரப்பரையோ விற்றிருந்தாலோ, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணைக்கு வரும். முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, சரிசெய்ய வாய்ப்புத் தாருங்கள். பலன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இணையவழியாகவும், மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில், புகைப்படம், இன்னொரு மெக்கானிக்கின் எழுத்துமூலக் கருத்து மூன்றும் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும்.

அதே சமயம், பழைய காரைக் கையால் தொட்டே குறை சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். மலிவாக முடித்துத் தரச் சொல்லி அவர்களை நெருக்கினால் குறுக்குவழிக்கு நாமே வழி காட்டுகிறோம். பிரேக் வேலைக்கு நியாயமான கூலியும் போதிய நேரமும் கொடுங்கள்.

வழியில் பழுதானால்

லைட் எரியவில்லை என்று நடுவழியில் தெரிந்தால், வலது கையை வெளியே நீட்டி உள்ளங்கை கீழ்நோக்க மெதுவாக ஏற்றி இறக்கி, வேகம் குறைவதைக் காட்டுங்கள்; இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். இருட்டிவிட்டால் கை தெரியாது. டோ செய்வதே சரி.

பெடல் தரைக்குப் போனால் பதறாமல் வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரைக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். ஹாரன் அடித்துக்கொண்டே இடப்பக்கம் போங்கள்.

யாராவது அடிபட்டால் 108ஐ அழையுங்கள். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். இழப்பீட்டுக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மோட்டார் வாகனச் சட்டம் ஆறு மாத வரம்பு சொல்வதால் தாமதிக்காதீர்கள். உதவிக்கு ஓடி வருபவரை வழக்கில் இழுக்க முடியாதபடி அதே சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

பழைய காரைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இந்த நகரத்தின் வரலாற்றில் ஒரு துண்டைக் காப்பாற்றுகிறார்கள். அந்த உழைப்பை மனமார மதிக்கிறேன். பாலிஷுக்கும் குரோமுக்கும் செலவிடும் அதே அக்கறையில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாத அந்த ஆயிலுக்கும் சின்ன சுவிட்சுக்கும் போகட்டும். அடுத்த முறை சாவியைப் போட்டதும், கேட்டைத் திறக்கும் முன், வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். "இரண்டும் எரியுது" என்ற பதில் வந்த பிறகே வண்டி தெருவில் இறங்க வேண்டும்.